நாச்சம்மாளுக்குள் ஓடிய ரத்தம்

நாச்சம்மாளுக்கு யாரையும் சட்டென்று நம்பிப் பழக்கமில்லை. சொந்த ஊரான மார்டள்ளியில் பால்காரர் ஊற்றும் பாலை அவர் எதிரிலேயே விரலால் தொட்டுப் பார்ப்பாள். புருஷன் போனபின் தனியாளாக மஞ்சள் காட்டைக் கட்டிக் காத்தவள். தராசைச் சோதிக்காமல் எந்த வியாபாரிக்கும் மூட்டையை அவிழ்த்ததில்லை. பிழைக்க உதவிய குணம்தான், ஆனால் மைசூருவில் மகன் வீட்டுக்கு வந்ததும் அது மருமகள் சௌம்யா மேல் பாய்ந்தது.

காமாலை முற்றி ஈரல் கெட்டுக் கிடந்தவளுக்குத் தன் ஈரலில் பெரும்பகுதியை அறுத்துக் கொடுத்தவளே சௌம்யாதான். மகன் உமேஷ் தன் ரத்த வகை சேரவில்லை என்றான். சரி, இவள் ஏன் கொடுத்தாள்? மாமியாரோடு நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியிராதவளுக்கு என்ன திடீர்க் கரிசனம்? காட்டின் மேல் கண்ணா? இல்லை, காலமெல்லாம் சொல்லிக் காட்டவா? மாத்திரையை வாங்கும்போதெல்லாம் நாச்சம்மாள் அந்த முகத்தைத் துழாவுவாள். டாக்டர் சரி என்றதும் ஊரோடு போய்விடுவது என்று முடிவுகட்டியிருந்தாள்.

டாக்டரையும் அவள் நம்பவில்லை. "உங்களுக்கு வெச்ச துண்டும் வளரும், அவங்ககிட்ட மிச்சம் இருக்கிறதும் வளரும். முதல்ல சதை பெருகும். அப்புறம் பழைய குழாய்ல இருந்து பொடிப்பொடியா புது ரத்தக்குழாய் கிளம்பி அதுக்குள்ள போகும்" என்றார் அவர்.

"ஈரல் என்ன மசுரா, வெட்ட வெட்ட வளர?" என்று வீட்டுக்கு வந்து முணுமுணுத்தாள்.

ஆறு மாதம் கழித்து இருவருக்கும் ஒரே நாளில் ஸ்கேன். எடுத்தவள் தாரணி என்ற வாயாடிப் பெண். அவள் கருவியை வயிற்றில் வைத்ததும் திரையில் சிவப்பும் நீலமும் ஓடின, உஷ் உஷ்ஷென்று சத்தம் கேட்டது.

நாச்சம்மாள் காதைத் தீட்டிக்கொண்டாள். "கண்ணு, இது டேப்புல போடற சத்தமா?"

தாரணி சிரித்துவிட்டாள். "உங்க ரத்தம்தாம்மா ஓடுது. மூச்சை இழுத்துப் பிடிச்சுப் பாருங்க."

பிடித்தாள். சத்தம் மாறியது. விட்டதும் பழையபடி ஆனது. யாரும் சொல்லாமலே இன்னொரு தரம் பிடித்துப் பார்த்தாள். அதன்பிறகுதான் நம்பினாள். அந்த ரத்தம் ஓடுவது சௌம்யா கொடுத்த துண்டில்தான் என்று நினைத்ததும் வயிற்றை ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். ஆனாலும் வெளியே போகாமல், மருமகளுக்கு என்ன மிச்சம் இருக்கிறது பார்ப்போம் என்று அங்கேயே உட்கார்ந்துகொண்டாள்.

சௌம்யாவின் வயிற்றிலும் அதே சத்தம். "ரெண்டு பேருக்கும் குழாயெல்லாம் அருமையா அமைஞ்சிருக்கு" என்றாள் தாரணி. "ஆபரேஷனுக்கு முன்னால உமேஷ் அண்ணனுக்கும் நான்தான் எடுத்தேன். அவரோட ஈரலும் நல்லாத்தான் இருந்துச்சு."

"ரத்தமே சேரலீன்னு சொன்னானே, அப்புறம் ஸ்கேனு எதுக்கு?"

"சேர்ந்தாத்தானேம்மா இங்க அனுப்புவாங்க..." தாரணியின் பேச்சு பாதியில் நின்றது. எதையோ எடுக்கப் போவதுபோல் அவசரமாக வெளியே போய்விட்டாள்.

நாச்சம்மாள் மருமகளைப் பார்த்தாள். வயிற்றின் நீண்ட தழும்பின் மேல் ஒட்டியிருந்த ஸ்கேன் பசையைச் சௌம்யா துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அவரு பயந்துட்டாரு அத்தை. பேடா, வேண்டாம், அவரை ஒண்ணும் கேக்காதீங்க."

"நீ பயப்படலியா?"

"பயந்தேன்" என்றாள் சௌம்யா. சேலையைச் சரிசெய்துகொண்டு இறங்கினாள்.

நாச்சம்மாளுக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை மாதமும் இவள் முகத்தைத்தானே துழாவினோம், பெற்ற மகன் முகத்தை ஒரு தரமாவது பார்த்தோமா என்று மனம் குமைந்தது.

வெளியே உமேஷ் எழுந்து வந்தான். "எல்லாம் சரியாயிடுச்சாம்மா? அப்ப ஞாயித்துக்கிழமை உன்னை ஊர்ல கொண்டுபோய் விட்டுடட்டுமா?"

நாச்சம்மாள் அவன் கண்ணைத் தாழ்த்தும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

"நீ போயிக் காட்டைப் பாரு கண்ணு. நா என்ற மருமவகிட்டயே இருந்துக்கறேன்."