நாலு காலிலும் நின்ற தொட்டில்

“நான் ஒண்ணும் வேணும்னு பண்ணல,” என்றார் வெல்டர். யாரும் கேட்கவில்லை. மனைவி குழந்தைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மகள் வங்கிக்குப் போன் போட்டுக் காத்திருந்தாள். பேத்தி அவர் தோளில் கிடந்தாள். அவள் பிறந்ததிலிருந்து பட்டறைக்குப் பாதி நாள்தான் போகிறார்.

பேத்திக்கென்று ஆன்லைனில் இரும்புத் தொட்டிலைத் தேடிப் பிடித்தவர் அவர்தான். கார்டு மகளுடையது. சம்பளமில்லாத விடுப்பில் இருந்தும், அப்பாவின் ஆசைக்காகப் பணம் கட்டினாள். பெட்டியைப் பிரித்தால் ஒரு கால் கழன்று கிடந்தது. வேறு யாராக இருந்தாலும் முதலில் படம் எடுத்திருப்பார்கள். உடைந்த இரும்பைக் கண்டால் இவர் கை சும்மா இருக்குமா? பட்டறைக்குத் தூக்கிப்போய் வெல்டு வைத்துவிட்டுத்தான் மூச்சு விட்டார். அப்புறம்தான் மற்ற மூன்று கால்களையும் தட்டிப் பார்த்தார். எல்லாம் எச்சில் தொட்டு ஒட்டியது மாதிரி. அதில் பேத்தியைப் போட மனம் வரவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டால், கடைக்காரன் படம் கேட்டான். அனுப்பினார்கள். “நாலு காலும் நல்லாத்தானே நிக்குது” என்று கையை விரித்துவிட்டான். அதனால்தான் கார்டு கொடுத்த வங்கியிலேயே மகள் பணத்தை மீட்டுத் தரச்சொல்லி முறையிட்டிருந்தாள்.

“அந்தக் கால மறுபடி ஒடச்சு ஒரு படம் எடுங்களேன். யாருக்குத் தெரியப்போவுது?” என்றாள் மனைவி.

“எனக்குத் தெரியும்ல? நான் வச்ச வெல்ட நானே ஒடைக்கவா? போடி!”

வங்கிப் பெண் லைனில் வந்தாள். மகள் ஸ்பீக்கரில் போட்டாள். “வரும்போதே ஒடஞ்சிருந்துச்சுன்னு ஒரு வெல்டர்கிட்ட எழுதி வாங்கி அனுப்புங்க மேடம்.”

“நான்தாம்மா அந்த வெல்டர்!”

அந்தப் பக்கம் சிரிப்பை அடக்குவது கேட்டது. “வேற ஒருத்தர் சார்.”

வேறு ஒருவர் என்றால் எதிர்ப் பட்டறைக்காரர்தான். ஒரு கேட் வேலையை அவர் தட்டிப் பறித்ததிலிருந்து இருவரும் எலியும் பூனையும். மகளின் பணமாயிற்றே! ஒரு தோளில் பேத்தி, ஒரு கையில் தொட்டில் என்று போய் நின்றார்.

எதிராளி தொட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தார். “இது ஒன் வெல்டு. கடப்பாறை போட்டாலும் வராது. அடியில பழைய வெல்டு விட்ட தடம் அப்படியே இருக்கு பாரு. மத்த மூணும் அதே லட்சணம். ஏன்யா, படம் எடுக்காம ஒட்டுனியே, மண்டைல மூளை இருக்கா?” திட்டிக்கொண்டே எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு குழந்தையை எட்டிப் பார்த்தார். “ஒன் மூக்கு வரல. புள்ள தப்பிச்சுச்சு.”

அந்த எழுத்தும் படங்களும் வங்கிக்குப் போன பிறகு, பணம் மகளின் கார்டுக்கே திரும்பி வந்தது.

இன்று காலை கடைக்காரன் போன் செய்தான். தொட்டிலை எடுத்துப்போக ஆள் வருமாம். அனுப்பிய நிலையிலேயே ஒப்படைக்க வேண்டுமாம். வெல்டர் தோளில் இருந்தவளை ஒருமுறை பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“அனுப்புன மாதிரியேன்னா கால ஒடச்சுத்தாம்பா தரணும். அதுக்கு எனக்குக் கை வராது. ஒட்டுன கூலியெல்லாம் வேணாம், அப்படியே எடுத்துட்டுப் போ. மெதுவாப் பேசு, பேத்தி தூங்குறா.”