மூச்சுக்கு வெல்லம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வேப்பனப்பள்ளியிலிருந்து ஓசூருக்கு வந்து, ஒரு ஃபவுண்டரியில் தற்காலிகத் தொழிலாளியாகச் சேர்ந்தேன். வார்த்த இரும்பின் பிசிறைத் தேய்த்தெடுக்கும் கிரைண்டிங் செக்‌ஷன். தூசியில் நிற்பவர்களுக்கு ஷிஃப்டுக்கு ஓர் உருண்டை வெல்லம் தருவார்கள். அது நெஞ்சிலுள்ள தூசியைக் கழுவி இறக்கிவிடும் என்று நாங்கள் எல்லோருமே நம்பினோம். எனக்குச் சின்ன வயதிலிருந்தே இளைப்பு. அதனால் சர்க்கரை வியாதிக்காரர்களின் பங்கையும் வாங்கித் தின்றேன்.

பர்மனென்ட் ஆக வேண்டுமென்றால் மெடிக்கல் தேற வேண்டும். குழாயில் ஊதச் சொல்வார்கள். ஊத முடியாதவன் மூட்டை கட்ட வேண்டியதுதான். எனவே இளைப்பைப் பற்றி வெளியே சொல்லவே இல்லை. எங்கள் தெருவில் கிளினிக் வைத்திருந்த டாக்டரம்மா கொடுத்திருந்த இன்ஹேலரைக்கூட, மூச்சு முட்டும்போது மட்டும் கக்கூஸில் ஒளிந்து இழுத்தேன். உடனே கேட்காததால், தண்ட மருந்து என்று ஓரமாகப் போட்டுவிடுவேன்.

மெடிக்கலுக்கு மூன்று மாதம் இருக்கும்போது, என் மனைவி மறுபடி டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனாள்.

"ஒரு நாள் இழுக்கறாரு, ஆறு நாளு வுட்டுடறாரு. அப்புறம் மருந்தத் திட்டறாரு" என்று போட்டுக் கொடுத்தாள். வெல்லக் கதையும் வெளியே வந்துவிட்டது.

"வெல்லம் வயித்துக்குப் போகுது. மூச்சுக் குழாய்க்குப் போக அதுக்கு வழி ஏது?" என்றார் டாக்டரம்மா. "உங்க நுரையீரலே காவலுக்குப் புரதம் சுரக்குது. தூசி, கிருமியப் பிடிக்கறதும் வீக்கத்த அடக்கறதும் அதோட வேலை. எந்நேரமும் உள்ள வீங்கியே கிடந்தா அது எவ்வளவுதான் சமாளிக்கும்? இந்த மருந்து அந்த வீக்கத்தக் குறைக்கும். இளைப்பு இல்லாத நாளும் ரெண்டு வேளை இழுங்க."

சொத்தை நெஞ்சு என்று இத்தனை வருடம் நான் திட்டிய நெஞ்சு, எனக்காக உள்ளே பாடுபட்டுக்கொண்டிருந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது. கொஞ்சம் தெம்பாகவும் இருந்தது.

மூன்று மாதம் ஒருவேளைகூடத் தவறவில்லை. மெடிக்கல் அன்று ஊதினேன். மீட்டர் முள் நன்றாகவே ஏறியது. "மருந்து ஏதாவது எடுக்கறியா?" என்று கேட்டார் கம்பெனி டாக்டர். இல்லை என்று சொல்லத்தான் வீட்டில் பழகியிருந்தேன். பொய் சொன்னால் மறுபடி அதே தூசி, மறுபடி கக்கூஸ். பையிலிருந்த இன்ஹேலரை எடுத்து மேஜையில் வைத்தேன்.

அவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஏதோ எழுதினார். பத்து நாள் கழித்து ஆர்டர் வந்தது: பர்மனென்ட், ஸ்டோர்ஸில் வேலை.

ஸ்டோர்ஸில் தூசி இல்லை. அதனால் வெல்லப் பட்டியலிலிருந்து என் பெயரை அடித்துவிட்டார்கள். அன்று சாயங்காலம் கடையில் கால் கிலோ வெல்லம் வாங்கிப் போய் மனைவியிடம் கொடுத்து, பாயசம் வைக்கச் சொன்னேன்.