போகி நாள் சர்டிபிகேட்

என் தங்கை விமானம் ஓட்டுகிறாள். அதைச் சொல்லும்போதெல்லாம் நானும் தரையைவிட்டு ஓரடி எழும்புகிறேன். அந்தப் போகிக்குச் சாரம் பகுதியில் இருக்கும் என் வீட்டுக்கு வந்திருந்தவளுக்கு, காலையில் எழுந்ததும் மூக்கடைப்பு; இடது காதும் அடைத்துக்கொண்டது. மறுநாள், பொங்கலன்று விடியலில், சென்னையிலிருந்து அவள் பறக்க வேண்டும். அடைத்த காதோடு மேலே போனால், இறங்கும்போது செவிப்பறை கிழிந்துவிடலாம்.

ஒரு போன் போட்டு லீவு சொல்லேன் என்றேன்.

"பண்டிகை நேரத்துல வாயால சொல்றது செல்லாதுண்ணே."

அவர்கள் சங்கம் நிர்வாகத்தோடு போட்ட ஒப்பந்தம் அது. பண்டிகையை ஒட்டி உடம்பு சரியில்லை என்றால், அன்று மாலைக்குள் டாக்டர் சர்டிபிகேட் போய்ச் சேர வேண்டும். இல்லையென்றால் சொல்லாமல் நின்றுவிட்டதாக எழுதிவிடுவார்கள். அப்படி எழுதினால் அடுத்த மாதக் கேப்டன் பயிற்சி தள்ளிப்போகும். ஆறு வருடமாக வலது சீட்டில் உட்கார்ந்து, கேப்டனின் இடது சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தவள் அவள்.

வண்டியை எடுத்தேன். கரும்புக் கட்டு, மஞ்சள் கொத்து, புதுப்பானை, தெரு முழுக்க ஆரவாரம், எனக்குள்ளும்தான். தெருமுனை கிளினிக்கில் அத்தனை கூட்டம், ஒருவரும் இருமவில்லை. போகியன்று எதற்கு வருகிறார்கள் என்று டாக்டருக்குத் தெரியாதா? நிமிர்ந்துகூடப் பார்க்காமல், எத்தனை நாள் வேண்டும் என்றார். பதிலுக்கும் காத்திராமல் மூன்று நாள் வைரஸ் காய்ச்சல் எழுதி சீல் குத்தினார்.

வேலை முடிந்தது என்று நான் அதை மடித்தேன். தங்கை பிடுங்கி மேசைமேல் வைத்தாள்.

"எனக்குக் காய்ச்சல் இல்ல டாக்டர். காது. அதப் பாருங்க."

"காய்ச்சல்னா ஒருத்தரும் கேக்க மாட்டாங்கம்மா. காதுன்னா நூறு கேள்வி கேப்பாங்க."

"கேக்கட்டும்."

காது பார்க்க கதிர்காமம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். அங்கே ஓ.பி. சீட்டு கொடுப்பதை நிறுத்த அரைமணிதான் இருந்தது. பறந்தோம், தரையிலேயே!

அங்கிருந்த டாக்டரம்மாவும் முதலில் சந்தேகமாகத்தான் பார்த்தார். காதுக்குள் விளக்கடித்ததும் முகம் மாறியது. உள்ளே சிவந்து வீங்கியிருந்ததாம். பத்து நாள் பறக்கக் கூடாது என்று, பார்த்ததைப் பார்த்தபடி எழுதிக் கொடுத்தார்.

வாசலிலேயே தங்கை அதைப் படமெடுத்து கம்பெனிக்கு அனுப்பினாள். பதில் வரும்வரை ஒரு வேப்பமரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். வந்தது. பயிற்சித் தேதியில் மாற்றமில்லை.

கிளினிக்கில் எங்களைப் பார்த்திருந்த எதிர்வீட்டு அக்கா, வீட்டு வாசலில் வழிமறித்தாள். பொங்கலுக்குன்னே காய்ச்சலா என்று கேட்டாள். காது அக்கா, நிஜமாகவே காது என்று தங்கை சர்டிபிகேட்டை விரித்துக் காட்டினாள். அக்கா அதை முழுசாகப் படித்தாள்.

"பத்து நாளா! அந்த டாக்டரம்மா எங்கடி உக்காருறாங்க? எங்க வூட்டுக்காரரையும் அனுப்புறேன்."