கிரேன்காரனின் ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

பழைய இரும்பு யார்டில் என் சகலைக்கு ‘மேலிடம்’ என்று பெயர். கிரேன் ஓட்டுகிறான். ஏணி ஏறிக் கேபினில் உட்கார்ந்துவிட்டால், கீழே கேஸ் நெருப்பில் இரும்பு வெட்டுகிற நாங்களெல்லாம் அவன் கண்ணுக்கு எறும்பு. அக்காளை நானும் தங்கையை அவனும் கட்டிய பாவத்துக்கு இந்த எருமையை மேய்ப்பது என் தலையெழுத்து.

அவனுக்குப் பிரஷர் எக்கச்சக்கம் என்று இலவச ஆஸ்பத்திரி நர்சம்மா மாத்திரை கொடுத்திருந்தாள். தினம் காலையில் ஒன்று. துரை ஞாயிற்றுக்கிழமை மட்டும் போட்டார். குறையவில்லையே என்று அந்தம்மா வீரியத்தைக் கூட்டினாள். அதையும் ஞாயிற்றுக்கிழமையே முழுங்கினான். மற்ற நாளெல்லாம் பிரஷர் இவனுக்காக வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் காத்திருக்குமா?

கேட்டால் வியாக்கியானம் வேறு.

“தினம் போட்டா உடம்பு அதையே கேக்கும் சகல.”

“சோத்தையுந்தான் தினம் கேக்குது. அதையும் ஞாயித்துக்கிழமை மட்டும் தின்னேன்.”

ஒரு நாள் அவன் கிரேனின் காந்தத்தில் தொங்கிய தகரக் கட்டு ஒரு பக்கமாக ஆடி வந்து என் கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் விழுந்தது. ஒரு முழம் தள்ளியிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அவன் பரம்பரையையே இழுத்துத் திட்டிக்கொண்டு ஏணி ஏறினேன். கைப்பிடியைப் பிடித்தபடி கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான்.

“எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது சகல.”

“ஒண்ணா தெரிஞ்சப்ப மட்டும் ஒழுங்கா ஓட்டுனியாக்கும்.”

காலடியில் தண்ணீர் பாட்டில் மூடி திறக்காமல் கிடந்தது. கேபினோ அடுப்பு. அப்புறம்தான் வாயைத் திறந்தான்.

“அந்த மாத்திரை போட்டா ஒண்ணுக்கு முட்டுது. ஞாயித்துக்கிழமை லீவு, பரவால்ல. மத்த நாள்ல எறங்கி, வாசல் கேட்டுக்கிட்ட இருக்குற கக்கூஸுக்குப் போய் வர்றதுக்குள்ள சூப்பர்வைசர் மானத்த வாங்குறான்.”

அந்தச் சூப்பர்வைசர் ஒரு தனிப்பிறவி. அவன் ரூமுக்குள்ளேயே கக்கூஸ். ஊரான் மூத்திரத்துக்குத்தான் கணக்குப் பார்ப்பான்.

ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்த நர்சம்மாவின் முகம் மாறிப்போனது. இவன் மறுபடி மழுப்ப, நான்தான் போட்டு உடைத்தேன்.

“இத ஏங்க முன்னாடியே சொல்லல?”

“பொம்பளைங்ககிட்ட அதப் போயி எப்படிம்மா...”

“ஏன், நாங்கல்லாம் அந்தப் பக்கமே போறதில்லையா?”

டாக்டரிடம் பேசி, நீர் பிரிக்காத வேறு மாத்திரை வாங்கிக் கொடுத்தாள். பிரஷர் இறங்கும்வரை கேபின் பக்கமே போகக்கூடாது, மாத்திரையை ஒரு நாள் விட்டாலும் அடுத்தது மூளை நரம்பு வெடிப்பதுதான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கிரேன் போய்விடுமோ என்று இவனுக்குப் பேதி.

மேலிடம் தரைக்கு வந்தது. குத்துக்காலிட்டுச் செம்புக் கம்பி பொறுக்கியது. தினமும் காலையில் என் முன்னால் மாத்திரையை முழுங்கி, நாக்கை நீட்டிக் காட்டியது. பேரப்பிள்ளை எடுக்கிற வயதில் இந்தக் கூத்து.

ஒருவழியாகப் பிரஷர் இறங்கி, இவனும் மேலே ஏறினான். முதல் நாளே மதியத்துக்குள் பாட்டிலைக் காலி பண்ணிவிட்டு, கேபினிலிருந்து கத்தினான்.

“சகல, எறங்குறேன்! ஆளுங்கள ஓரமா நிக்கச் சொல்லு!”

சூப்பர்வைசர் கத்தினான். இவன் திரும்பியே பார்க்கவில்லை. யார்டைக் குறுக்கே கடந்து, கையை வீசி, நெஞ்சை நிமிர்த்தி நடந்தான். பதவியேற்கப் போகிற மந்திரி மாதிரி நடை.

போனது கக்கூஸுக்கு.