வாடாத பூசணி இலை

மதகுக்காரர் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டுத்தான் கிளம்புவார். உலகத்தில் எல்லோரும் வேலைக்குப் போகச் செருப்பு மாட்டுவார்கள், இந்த மனுஷனுக்கு மட்டும் எல்லாமே தலைகீழ் என்று அவர் மனைவி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

காரணம் இல்லாமல் இல்லை. அவர் பார்த்துக்கொள்வது ஒரு மண் அணையை. சிமெண்ட் அணை என்றால் விரிசல் கண்ணுக்குத் தெரியும். மண் அணை சரியான அழுத்தக்காரி. உடம்புக்கு என்ன வந்தாலும் வாயைத் திறக்க மாட்டாள். உள்ளுக்குள்ளேயே வைத்திருந்து, கடைசியில் அடிவாரத்தில் எங்கேயாவது ஒரு கைப்பிடி ஈரமாகக் காட்டுவாள். அந்த ஈரம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே உள்ளங்காலுக்குத் தெரிந்துவிடும். அதனால் புல்லில் பனி காய்ந்ததும் அணையடியை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வெறுங்காலோடு நடப்பார். சாப்பாட்டுக்கு வந்து உட்கார்ந்தால், “மூத்தாளைப் பார்த்துட்டு வந்தாச்சா?” என்று மனைவி கேட்பாள். அந்த வீட்டில் அணைக்கு மூத்தாள் என்றுதான் பெயர்.

புல் வெட்டுகிற தினக்கூலியாக வந்து சேர்ந்தவர் அவர். சம்பளம் போட்டு ஷட்டர் சக்கரத்தைக் கையில் கொடுப்பதற்குள் தலையில் பாதி முடி போய்விட்டது. சக்கரத்தின் திருகுக்குக் கிரீஸ் போடுவது, பெருச்சாளி தோண்டிய பொந்தைத் தோண்டிப் பார்த்து மண் இட்டுக் கெட்டிப்பது, தண்ணீர்ப் பக்கத்தில் சரிந்த கல்லைத் திரும்பப் பதிப்பது என்று அவருக்கு வேலை ஓய்ந்ததே கிடையாது. கரையில் ஒரு மரக்கன்று முளைத்துவிட்டால் போதும், சொந்தப் பகையாளியைக் கண்டதுபோல் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். மரம் பட்டுப்போனால் வேர் மக்கிவிடும், வேர் இருந்த இடம் தண்ணீருக்கு வழியாகிவிடும் என்பது அவர் பயம். ஆடு ஓட்டி வந்தவர்கள், மண் அள்ள வந்தவர்கள், சும்மா காற்று வாங்க வந்தவர்கள் என்று யாரையும் அவர் விட்டுவைத்ததில்லை.

அப்படி ஊரையே விரட்டிய மனிதர் வீட்டுக்குள் மட்டும் வாய் திறக்கவில்லை. அவருக்குக் கொடுத்த குடியிருப்பு அணைக்கு நேர் கீழே, மதகுக்குப் பக்கத்தில் இருந்தது. இரண்டு அறை, ஓட்டுக் கூரை, சுற்றிலும் பாறை. கொத்தினால் மண் வருகிற இடம் ஒன்றே ஒன்றுதான், அது அணையடி. அங்கே எதையும் நடக்கூடாது என்பது விதி. அந்த விதியை எழுதி வைத்த பலகையை வருடா வருடம் வண்ணம் அடித்துப் புதுப்பிப்பவரே அவர்தான். பலகைக்குப் பின்னால் அவர் மனைவி முதலில் இரண்டு கத்தரிச் செடி வைத்தாள். அடுத்த வருடம் வெண்டை வந்தது. அதற்கடுத்து பூசணிக்கொடி சாவகாசமாகக் காலை நீட்டிப் படுத்துக்கொண்டது.

காலையும் மாலையும் அவள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவாள். அதனால் அந்த இடத்தில் அவர் காலுக்கு எப்போதும் ஈரம் தட்டுப்படும். முதல் வருடம் ஒவ்வொரு நாளும் நின்று குனிந்து பார்த்தார். அப்புறம் குனியாமல் நின்றார். அப்புறம் நிற்பதும் இல்லாமல் போயிற்று. அணையடி முழுக்கக் கேள்வி கேட்டுக்கொண்டே வருகிற கால், அங்கே வந்ததும் தன் வீட்டுக்குள் நுழைந்ததுபோல் பேசாமல் கடந்து போகப் பழகிவிட்டது.

புதிதாக வந்த பொறியாளர் சின்னப் பெண். ஆனால் கண் பொல்லாத கண். கோடை முடிகிற சமயத்தில் அணை மேல் நடந்து வந்தவள் சட்டென்று நின்று, கீழே அந்த ஒரு இடம் மட்டும் ஏன் அவ்வளவு பச்சையாக இருக்கிறது என்று கேட்டாள். மதகுக்காரருக்கு முகம் சுருங்கிப்போயிற்று. தோட்டம் வீட்டுக்காரி போட்டது, தினமும் தண்ணீர் ஊற்றுகிறாள் என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவள் அவரைத் திட்டவில்லை.

“மழைக்கு முன்னாடி எடுத்துடுங்கண்ணே. அந்த எடம் வெறும் தரையாத் தெரியணும் எனக்கு.”

ஆகட்டும் மேடம் என்றார். வீட்டில் சொன்னபோது, பூசணி பிஞ்சு விட்டிருக்கிறது, முற்றியதும் பறித்துவிட்டு நானே பிடுங்கிப் போடுகிறேன் என்றாள் மனைவி. அதுவும் நியாயம்தானே என்று அவருக்குத் தோன்றியது. வீட்டு நியாயத்துக்கு அவர் அவ்வளவு சுலபமாக மடங்குவார்.

அதற்குள் வெளியூரில் கட்டிக்கொடுத்த மகளுக்கு, சொன்ன நாளுக்கு முன்பே வலி எடுத்துவிட்டது. மனைவி கட்டிய புடவையோடு பஸ் ஏறினாள். ஏறும்போதும் செடிக்குத் தண்ணீர் ஊற்ற மறக்க வேண்டாம் என்றுதான் சொல்லிவிட்டுப் போனாள். அதே வாரம் மலையில் மழை கொட்டித் தீர்த்தது. அணைப் பக்கம் ஒரு துளி இல்லை, வெயில் மண்டையைப் பிளந்தது. ஆனால் ஆறு சிவப்பாகப் புரண்டு வந்தது. நீர்மட்டம் கற்களை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு ஏறியது. மதகுக்காரர் ஷட்டரே கதி என்று கிடந்தார். செடி ஞாபகம் அவருக்கு ஒரு தடவைகூட வரவில்லை.

ஒன்று மட்டும் அந்த நாட்களில் அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. அணைக்குள் இயல்பாகக் கசிகிற தண்ணீரை வெளியே கொண்டுவர அடியில் ஒரு வடிகால் உண்டு. அணை தேக்கும் ஏரி நிரம்பினால் வடிகாலிலும் ஓட்டம் கூடும். இந்த முறை ஏரி தளும்பியும் வடிகால் மெலிந்துபோய் ஓடியது. மூத்தாள் வயதாக ஆக உறுதியாகிக்கொண்டே போகிறாள் என்று தனக்குத்தானே மெச்சிக்கொண்டார். ஏரி நிறைந்திருக்கும்போது அந்தத் தண்ணீர் வடிகாலை விட்டு வேறு எங்கே போயிற்று என்று அவர் கேட்டிருக்க வேண்டும்.

ஒரு நாள் மத்தியானம் மகளும் பச்சைக்குழந்தையுமாக மனைவி ஆட்டோவில் வந்து இறங்கினாள். பேத்தியை உள்ளறையில், அணைப் பக்கத்துச் சுவரோரமாகப் படுக்க வைத்தார்கள். மகள் அதன் பக்கத்திலேயே சாய்ந்தாள். மதகுக்காரர் குழந்தையின் உள்ளங்காலை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, சிரிப்பு அடங்காமல் சாப்பிட உட்கார்ந்தார். மனைவி முகம்கூடக் கழுவாமல் தோட்டத்தைப் பார்க்கப் போனாள். காய்ந்துபோயிருக்கும், வந்து வறுத்து எடுப்பாள் என்று அவர் பொய் ஒன்றைத் தயார் செய்துகொண்டிருந்தபோது அவள் முகமெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தாள்.

“உங்களைப் போய் நான் மறதிக்காரர்னு நெனச்சேன் பாருங்க. இந்த உச்சி வெயில்ல பூசணி இலை ஒண்ணுகூடத் துவளல. நான் ஊத்தினாக்கூட இப்படி நிக்காதுங்க.”

அவர் வாயில் இருந்த சோறு அப்படியே நின்றது. கேலி செய்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தார். இல்லை, மனம் நிறைந்துதான் சொல்கிறாள்.

“நான் ஊத்தலையே,” என்றார்.

கை கழுவாமலே எழுந்து போனார். பூசணி இலைகள் விரித்த குடை மாதிரி வெயிலில் விறைப்பாக நின்றன. கொடியை விலக்கினார். இலைகளின் நிழலுக்குள், எறும்புப் புற்று மாதிரி பொடி மண் வட்டமாகக் குவிந்திருந்தது. நடுவில் சத்தமே இல்லாமல் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது. மனைவியிடம் ஒரு டம்ளர் கேட்டு வாங்கி, அந்தத் தண்ணீரைப் பிடித்துப் படிக்கட்டில் வைத்துவிட்டு எதிரில் குந்தினார். வெறும் தண்ணீர் என்றால் பிழைத்தோம். மண்ணும் சேர்ந்து வந்தால், அணைக்கு உள்ளே குழி விழுந்துகொண்டிருக்கிறது. குழந்தை அழுதது. மகள் அதைத் தட்டிக்கொடுக்கும் சத்தம் கேட்டது. டம்ளர் மேலே தெளியத் தெளிய, அடியில் மஞ்சள் களிமண் படிந்தது. அந்தப் பக்கத்தில் வேறெங்கும் அப்படி மண் கிடையாது. அணையின் வயிற்றுக்குள் வைத்துக் கெட்டித்த மண் அது.

பேத்தி படுத்திருக்கும் சுவருக்கும் அந்த ஊற்றுக்கும் நடுவே பத்தடிகூட இல்லை. மனைவியிடம், குழந்தையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்து மேட்டுக்குப் போ, போகிற வழியில் வாய்க்கால் ஓரத்து வீடுகளிலும் சொல்லிவிடு என்றார். அவள் ஏன் என்று கேட்கவில்லை. அவர் குரல் அப்படி இருந்தது. பச்சை உடம்புக்காரி ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தாயின் பின்னால் நடப்பதைப் பார்க்க அவருக்கு மனசு தாங்கவில்லை. ஓடிப் போய்த் தாங்கிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. போகவில்லை, போனை எடுத்தார்.

பொறியாளர் முழுதாகக் கேட்டாள். களிமண் வைத்து அடைத்துவிடட்டுமா என்று அவர் பதறினார்.

“அடைக்காதீங்கண்ணே. அடைச்சா வேற எடத்துல பிச்சுக்கும். தண்ணி வரட்டும், மண்ணுதான் வரக்கூடாது. மேல மணலைக் கொட்டுங்க, அதுக்கு மேல ஜல்லி, அதுக்கு மேல கல்லு. ஆள் அனுப்புறேன், நானும் வந்துட்டே இருக்கேன்.”

ஷட்டரை முழுசாகத் தூக்கிவிடவா என்றார். அதுவும் கூடாது, ஒரேயடியாக இறக்கினால் ஈரத்தில் ஊறிய உள்பக்கக் கரை சரிந்துவிடும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறக்க வேண்டும் என்றாள். இது அவருக்கும் தெரிந்ததுதான். ஆனால் தெரிந்ததெல்லாம் அன்றைக்குத் தலையிலிருந்து ஓடிவிட்டது. பயம் புகுந்த வீட்டில் அறிவுக்கு என்ன மரியாதை? சக்கரத்தில் கை வைத்தார். முழு பலத்தோடு சுற்றத் துடித்த கையை, சிறிது திருப்பி நிறுத்தி, மறுபடி சிறிது திருப்பி நிறுத்தி அடக்கிக்கொண்டிருப்பதுதான் அவர் வாழ்க்கையில் செய்த வேலைகளிலேயே கடினமான வேலை.

வெயில் சாய்வதற்குள் மணல் லாரி வந்துவிட்டது. பொறியாளரும் ஆட்களோடு மண்வெட்டி பிடித்தாள். ஊற்றின் மேல் மணலும் ஜல்லியும் ஏறியபின் சற்று ஓய்ந்து நின்றபோது அவள் கேட்டாள், கோபமில்லாமல்தான் கேட்டாள்.

“இந்த ஈரம் எப்பலேர்ந்துண்ணே?”

நாள் தவறாமல் நடந்த கால், அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாமல் சேற்றில் நின்றது.

“தெரியல மேடம்,” என்றார். ஒரு மாதமாக இருக்கலாம், மூன்று வருடமாகவும் இருக்கலாம். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அதற்குப் பதில் கன்னத்தில் ஒரு அறை விட்டிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

அப்புறம் காத்திருப்பதுதான் வேலை. ஏரி மெல்ல இறங்கியது. வாய்க்கால் ஓரத்து வீட்டுக்காரர்கள் பள்ளிக்கூட வகுப்பறைகளில் பாய் விரித்துக் கிடந்தார்கள். மேட்டிலிருந்து பார்த்தால் அணையும் வீடும், மணல் குவியலைச் சுற்றி மிச்சமிருந்த பூசணிக்கொடியும் தெரியும். செடி ஒன்று தலை சாய்ந்தாலே புலம்புகிற அவர் மனைவி, நாள்தோறும் உச்சி வெயிலில் மேட்டு விளிம்பில் உட்கார்ந்து, செத்துத் தொலை, வாடித் தொலை என்று அந்த இலைகளைச் சபித்துக்கொண்டிருந்தாள். இலைகள் அசைந்து கொடுக்கவில்லை.

ஒரு மத்தியானம் அவள் இறங்கி அணையடிக்கே வந்துவிட்டாள். வாடிவிட்டது என்று கையைக் காட்டினாள். பூசணி இலைகள் ஈரத்துணியாகத் தொங்கின. மதகுக்காரர் குனிந்து வேரடி மண்ணைத் தொட்டுப் பார்த்தார், காய்ந்திருந்தது. பிறகு, என்றோ கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அன்றைக்குக் கேட்டார்.

“நீ தண்ணி ஊத்தலையே?”

வேறு நாளாக இருந்தால் அந்தக் கேள்விக்கு அவரைப் பிடித்து உலுக்கியிருப்பாள். அன்றைக்கு, ஒரு சொட்டுகூட ஊற்றவில்லை என்று சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இருவருமாகக் கொடியை வேரோடு பிடுங்கி எறிந்தார்கள். முற்றின காய் ஒன்று இருந்தது. அதையும் அவள் எடுத்துக்கொள்ளவில்லை.

எல்லோரும் வீடு திரும்பலாம் என்று பொறியாளர் சொன்னாள். கோடையில் அந்த இடத்தைத் தோண்டிச் சரிசெய்யப் போவதாகவும், அதுவரை ஏரியைப் பாதிக்கு மேல் நிரப்பப் போவதில்லை என்றும் சொன்னாள். எல்லோரும் பாயைச் சுருட்டினார்கள். மகள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, நாமும் வீட்டுக்குப் போகலாமா அப்பா என்று கேட்டாள். மலைப் பக்கம் மறுபடியும் கறுத்திருந்தது.

“வேணாம்மா. உன் பையை நான் போய் எடுத்துட்டு வரேன். சாயங்கால பஸ்ல உன் வீட்டுக்குப் போயிடு.”

வீடு திரும்பலாம் என்று பொறியாளரே சொல்லிவிட்டாரே என்று அவள் கேட்டாள். அவர் பேத்தியின் பாதத்தை ஒருமுறை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு இறங்கி நடந்தார். பஸ் போனபின் அவரும் மனைவியும் மட்டும் அந்த வீட்டுக்குத் திரும்பி, அணைப் பக்கத்துச் சுவரோரம் படுத்துக்கொண்டார்கள்.