முதல் ஐந்து எழுத்து

நாமக்கல்லில் என் அண்ணன் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். கம்ப்யூட்டர் வேலை என்னுடையது. கட்டி முடித்த வண்டியைப் படமெடுத்து, வாங்கியவரின் ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் வைத்துச் சேமிப்பேன். புதிதாக வருகிறவர்களிடம் அந்தப் படங்களைக் காட்டித்தான் அண்ணன் பேசுவார்.

ஒருநாள், எல்லாப் பெயருக்கும் முன்னால் 'பாடி' என்ற சொல்லும் ஒரு சின்னக் கோடும் சேர்க்க நினைத்தேன். ஒவ்வொன்றாக மாற்றப் பொறுமையில்லை. கறுப்புத் திரையில் ஒரே வரிக் கட்டளை போதும் என்று எங்கோ படித்திருந்தேன். எல்லாப் படத்துக்கும் சேர்த்து ஒரே நட்சத்திரக்குறி போட்டு என்டரைத் தட்டினேன். சட்டென்று முடிந்தது. ஒரு படத்தையும் திறந்து பார்க்காமல், பெருமையோடு டீ குடிக்கப் போய்விட்டேன்.

திரும்பி வந்தால், மோகனூர் விவசாயி ஒருவர் அண்ணனோடு உட்கார்ந்திருந்தார். "எங்கூரு மாமனுக்குக் கட்டிக் குடுத்தீங்களே, அதைக் கொஞ்சம் காட்டுங்க" என்றார்.

தேடினேன். மோகனூரைக் காணோம். 'பாடி-ஊர்' என்று ஒன்று இருந்தது.

"எந்த ஊரு சாமி?" என்று என்னைக் கேட்டார் அண்ணன்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கட்டளை முன்னால் சேர்க்கவில்லை, மேலேயே எழுதிவிட்டது. ஆங்கிலத்தில் 'பாடி'க்கு நாலு எழுத்து, கோடு ஒன்று. அந்த இடத்துக்காக ஒவ்வொரு ஊரின் முதல் ஐந்து எழுத்தும் போய்விட்டது. நாமக்கல்லில் 'கல்' மட்டும் மிச்சம். ஆத்தூருக்கு மொத்தமே ஐந்து எழுத்து. அந்த ஊரே இல்லை.

விவசாயி திரைக்குக் கிட்டே குனிந்தார். "இதென்னங்க, பாடி உரம்? உரம் ஏத்தறதுக்குன்னே கட்டுனதுங்களா? நானும் உரந்தானுங்க ஏத்துவேன்."

அண்ணன் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உரமில்லீங்க, அது ராசிபுரம். எந்தங்கச்சி ராசியத் தின்னுட்டா."

விவசாயி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "போனாப் போவுதுங்க. பாடி நல்லாருக்குது. மாமன் வண்டி வேண்டாம், இதே மாதிரி கட்டிருங்க" என்று அங்கேயே முடிவு செய்துவிட்டார்.

அவர் போனபின் ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாகக் கையால் தட்டினேன். பெயர் வெறும் கோட்டோடு நின்றுபோன படத்தைத் திறந்ததும் அண்ணன் சொன்னார்: "பின்கதவுல ரெண்டு மயிலு வேணும்னு ஒத்தக்கால்ல நின்னாரே, அந்த ஆத்தூர்க்காரரு வண்டி. அதை மட்டும் தொலைச்சிராதே, அவருக்குப் பதில் சொல்ல என்னால முடியாது."