பாறைப் பாட்டுக்கு ஒரு பத்திரம்

கள்ளக்குறிச்சியில் நவுஷாத் கடையில் பல்பு வாங்குவது லேசான காரியமல்ல. அட்டைப்பெட்டியைப் பிரித்து, ஹோல்டரில் மாட்டி, எரியவிட்டு, "எரிஞ்சதா? பாத்தீங்களா?" என்று கேட்பார். வாங்குகிறவர் தன் வாயால் "எரிஞ்சது" என்று சொல்லும்வரை பல்பு கைமாறாது. படிப்பு பத்தாவதோடு நின்றுபோனாலும் காகிதத்தின் மேல் அவருக்கு இருந்த பக்தி வக்கீல்களுக்குக்கூட இருக்காது.

தங்கை சப்ரின் பட்டம் வாங்கியவள். போனில் கேட்கிற மாதிரி பாட்காஸ்ட் ஒன்று நடத்துகிறாள். வாரம் ஒரு கற்பனைக் கதை. கதை முடிந்ததும், சினிமா பக்கம் போகாமல் சொந்தமாகப் பாட்டுப் போடுகிற யாராவது ஒருவருடைய பாட்டு. கதை அவள் பாடு. வந்து குவிகிற பாட்டுகளைக் கேட்டுப் பொறுக்கும் வேலை அண்ணனுடையது.

"தங்கச்சி ரேடியோ ஸ்டேஷன் வச்சிருக்கா. பாட்டு செலக்‌ஷன் நான்தான்" என்று சுவிட்ச் வாங்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லிவிடுவார்.

அதற்கென்று தனி நோட்டு. சொல் புரிகிறதா, இரைச்சல் உண்டா, கதையோடு ஒட்டுகிறதா என்று ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்த மூன்று கட்டம். ஒவ்வொரு பாட்டையும் மூன்று முறை கேட்பார். புதுச்சேரிப் பையன்கள் கிதாரும் டிரம்ஸுமாக அனுப்பிய பாட்டுக்கு நேராக, 'ஒயரிங் பிரமாதம், லைட் எரியவில்லை' என்று எழுதினார். சப்ரின் விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனால் அவர் தள்ளிய பாட்டை ஒருநாளும் அவள் திரும்ப எடுத்ததில்லை.

நாற்பத்து மூன்றாவதாக வந்தது ஜீவாவின் பாட்டு. ஜீவா வெள்ளிமலைக்குப் பக்கத்தில் ஜீப் ஓட்டுகிறவன். அவன் ஊரில் ஒரு பாறைமேல் ஏறினால்தான் போனில் சிக்னல் வரும். அங்கே யார் யார் ஏறி வந்து, யாரிடம் பேசி அழுகிறார்கள், யாரிடம் பொய் சொல்கிறார்கள் என்பதுதான் பாட்டு. நான்காவது முறையாக அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, எரியவிட்டுக் காட்டாமலே ஒருவருக்கு நவுஷாத் பல்பைக் கொடுத்தனுப்பிவிட்டார். கடை திறந்த நாளிலிருந்து நடக்காத விஷயம் அது.

சப்ரின் அந்த வாரத்துக்கு எழுதியிருந்த கதையைத் தூக்கிப் போட்டுவிட்டு, அந்தப் பாறையை வைத்துப் புதுக்கதை எழுதினாள். வெள்ளிக்கிழமை மாலை வெளிவர வேண்டும். இனி வேறு பாட்டு எதுவும் அதற்கு ஒட்டாது.

"ஜீவா சரின்னு மெசேஜ் போட்டுட்டான்ணே. அது போதும்."

"சரின்னா இன்னா சரி? நாளைக்கே எம் பாட்டைத் திருடிட்டாங்கன்னு வந்து நின்னா? எழுத்துல இருந்தா அவனுக்கும் நல்லது."

இருபது ரூபாய் பத்திரத்தில் இரண்டு பக்கத்துக்கு டைப் அடித்து, கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் புள்ளி வைத்து, மலைக்குப் போகிற பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டார். புதன்கிழமை பதில் வந்தது: 'பாட்டு வேணாங்க. அப்பா வுட மாட்டேங்கிறாரு.'

சப்ரின் போனை அவர் முன்னால் வைத்தாள். "எரியுதா எரியுதான்னு பாத்தே ஃபியூஸ் போக வச்சுட்ட. நீயே போய் சம்மதம் வாங்கிக்கினு வா."

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் மலையேறினார். ஜீவாவின் அப்பா மாயவன் அந்தப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்.

"பாய், எங்கப்பாரு இந்த மாதிரி ஒண்ணுல கைநாட்டு வச்சாரு. கீழ்க்காடு போயிடுச்சு. நெலம் தீந்துடுச்சுன்னு இப்ப பாட்டுக்கு வந்துட்டீங்களா?"

"அய்யய்யோ, பாட்டு உங்களுதுன்னு சொல்றதுக்குத்தாங்க இந்தப் பத்திரமே."

"எங்களுதுன்னு எங்களுக்குத் தெரியுமே. தெரியாதவங்கதான கையெழுத்துப் போடணும்?"

நவுஷாத் பத்திரத்தை வாங்கிப் புரட்டினார். இரண்டு பக்கத்தில் எங்கே தேடினாலும் அதற்குப் பதில் இல்லை.

"காயிதம் வேணாம்" என்றார் மாயவன். "வாயால சொல்லுங்க. டேய் ஜீவா, போன்ல புடி."

நவுஷாத் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றார். "கள்ளக்குறிச்சி டவுன், கதவு எண் பதினேழு, ஷேக் தாவூது மகன் நவுஷாத், வயது நாற்பத்தொன்று, தொழில் எலக்ட்ரிக் கடை, சொல்வது என்னவென்றால், பாறைப் பாட்டு ஜீவாவுடையது. மெட்டும் ஜீவாவுடையது. பாறை ஊருடையது. நானோ, என் தங்கையோ, எங்கள் வாரிசுகளோ இவற்றில் எக்காலத்திலும் பாத்தியம் கொண்டாட மாட்டோம்."

"பாறையைச் சேத்தீங்க பாருங்க, அது நல்லது" என்றார் மாயவன். "சரி, பாட்டைப் போட்டுக்கச் சொல்லுங்க."

ஜீவா பாறைமேல் ஏறி, தன் சம்மதத்தோடு அந்தப் பதிவையும் சப்ரினுக்கு அனுப்பினான்.

வெள்ளிக்கிழமை கதை வெளிவந்தது. கதை முடிந்ததும் முதலில் நவுஷாத்தின் குரல், பிறகு பாட்டு. ராத்திரிக்குள் முந்தைய கதைகளைவிட மூன்று மடங்கு பேர் கேட்டிருந்தார்கள். சப்ரின் கருத்துகளைச் சத்தமாக வாசித்தாள். 'ஜீவா யாருங்க? அழ வச்சுட்டார்.' 'அந்தக் கடைக்காரர் கேரக்டர் செம. யார் நடிச்சது?' 'கடைக்காரர் பாத்திரம் கொஞ்சம் மிகை. இப்படி ஒரு ஆள் இருக்கவே முடியாது.'

நவுஷாத் சிரிக்கவில்லை. நோட்டை விரித்து வைத்துக்கொண்டு தன் குரலை மூன்றாவது முறையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சப்ரின், தப்பாயிடுச்சு. புது நம்பரை மட்டும் சொல்லிட்டேன். பழைய கதவு எண்ணைச் சொல்லல."

"அண்ணே, அது கதையோட கதையா போயிடுச்சு. யாரு பாக்கப் போறாங்க?"

"மாயவன்கிட்ட இருக்கே அந்தப் பதிவு" என்றார் நவுஷாத். "நாளைக்கு மொத பஸ் எத்தினி மணிக்குன்னு பாரு."